தர்ப்பை வைத்த புத்தகம்

நாவலின் இரண்டாம் பாகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு கடிதம் வந்தது. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத்துக்குப் போய் ஏழு வருஷம் ஒரு தகவலும் இல்லாமல் இருந்த புருஷனிடமிருந்து. மனைவி அதை வாங்கிப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டு அடுப்படிக்குப் போனாள். பிரிக்கவில்லை. பாகம் அங்கே முடிந்துவிட்டது.

பாகீரதி பின்னட்டையைத் திருப்பிப் பார்த்தாள். அங்கே அச்சகத்தின் விலாசம்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை. லைப்ரரி மூடியிருக்கும். போதாக்குறைக்கு மத்தியானம் சூரிய கிரகணம்.

அவளுக்குப் பதினொரு வயது. அவர்கள் பவானிபூருக்குக் குடிவந்து ஆறு வருஷமாகியிருந்தது. அப்பா அனந்தகிருஷ்ணனுக்குக் கிடர்பூரில் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா வேலை. காலையில் டிராமில் போனால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத் திரும்புவார். பாகீரதி படித்தது வங்காளிப் பெண்கள் பள்ளிக்கூடத்தில். வீட்டில் பேச்சு தமிழ். கையில் புத்தகம் வங்காளி. தமிழில் வீட்டில் இருந்தது பஞ்சாங்கம் ஒன்றுதான். அதை இரண்டு தடவை படித்துவிட்டாள்.

தெருக்கோடியில் இருந்த லைப்ரரியில் அப்பா பெயரில் ஒரு சீட்டு இருந்தது. அப்பா அங்கே போனது சீட்டு வாங்கிய அன்று மட்டும். அதற்கப்புறம் போனதெல்லாம் பாகீரதி. ஒரு சீட்டுக்கு ஒரு புத்தகம். லைப்ரரியைப் பார்த்துக்கொண்ட ஜதீன் பாபு மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, புத்தகத்தின் பெயரை நோட்டில் எழுதிக்கொண்டு கொடுப்பார்.

சுவரில் விதிகள் ஒட்டியிருந்தன. பக்கத்தை மடிக்கக் கூடாது. கோடு போடக் கூடாது. உள்ளே எதையும் வைத்துத் திருப்பித் தரக் கூடாது. மீறினால் சீட்டு ரத்து. போன வருஷம் ஒரு புத்தகம் எண்ணெய்க் கறையோடு திரும்பியபோது, "குக்கி, இது முதல் தடவை. அடுத்த தடவை கமிட்டிக்குப் போயிடும். அங்கே நான் ஒண்ணும் பேச முடியாது" என்று ஜதீன் பாபு வங்காளியில் சொல்லியிருந்தார். சின்னப் பெண்களை அங்கே குக்கி என்பார்கள்.

அம்மா ஜகதாம்பாளுக்கும் விதிகள் இருந்தன. லைப்ரரிப் புத்தகம் பத்து வீடு போய் வருவது. அட்டையை ஒட்டியது மாவுப் பசை, முதுகில் தோல். ஆகையால் அதற்கு ஜன்னல் விளிம்பில்தான் இடம். தொட்டால் கை அலம்ப வேண்டும். படித்துக்கொண்டே எதையும் கொறிக்கக் கூடாது. ஒரு நாளைக்கு எத்தனை தடவை கை அலம்புகிறோம் என்று பாகீரதி எண்ணுவதை விட்டுவிட்டாள்.

அன்று அம்மா தர்ப்பைக் கட்டைப் பிரித்து, விரல் நீளத்துக்குக் கிள்ளிக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். குடத்தில் ஒன்று. நெய்யில் ஒன்று. எலுமிச்சங்காய் ஊறுகாய் ஜாடியில் ஒன்று. கிரகணம் பட்டால் கெட்டுப்போகிறவை எல்லாவற்றுக்கும் காவல்.

பாகீரதி ஜன்னலைப் பார்த்தாள். கிரகணத்து வெளிச்சம் நேரே விழுகிற இடம்.

"அம்மா, புஸ்தகத்துக்கு?"

"புஸ்தகம் என்ன ஊசிப்போயிடுமா?"

"ஜன்னல்ல இருக்கே."

அம்மாவின் கையில் மஞ்சள் படிந்திருந்தது. அப்போதுதான் ஊறுகாயைக் கிளறிவிட்டிருந்தாள். அந்தக் கையாலேயே ஒரு துண்டு கிள்ளி நீட்டினாள்.

"இந்தா, வெச்சுத் தொலை. அப்பறம் கிரகணம் பிடிச்சுடுத்துன்னு அதுக்கும் ஸ்நானம் பண்ணிவெக்கச் சொல்லுவே."

பாகீரதி அதைக் கடிதம் வந்த பக்கத்தில் வைத்தாள். கிரகணம் பிடித்தது, விட்டது. எல்லோரும் குளித்தார்கள். அம்மா தர்ப்பைகளை எடுத்து எறிந்தாள். புத்தகத்தில் இருந்ததை எடுக்க யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் ஓடிப்போய் இரண்டாம் பாகத்தைக் கொடுத்தாள். மூன்றாம் பாகம் வெளியே போயிருந்தது. "வியாழக்கிழமை வா, உனக்கு எடுத்து வைக்கிறேன்" என்றார் ஜதீன் பாபு.

வியாழக்கிழமை அவள் போனபோது லைப்ரரியில் யாரும் படித்துக்கொண்டிருக்கவில்லை. ஜதீன் பாபுவின் மேஜைக்கு முன்னால் நிபாரண் நின்றுகொண்டிருந்தான். அவன் லைப்ரரியின் ஆள். வெளியே வராத பெண்களுக்கு வீடு வீடாகப் புத்தகம் கொண்டுபோய்க் கொடுப்பது அவன் வேலை. செவ்வாயும் வெள்ளியும் தோளில் ஒரு காடாத்துணிப் பையோடு கிளம்புவான். அப்பாவின் சிராத்தம் முடிந்து வேலைக்கு வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. மழித்த தலையில் முடி இன்னும் முள்ளாகத்தான் இருந்தது.

"காளி சத்தியமா நான் வைக்கலை, பாபு" என்றான்.

"நீ வைச்சேன்னு நான் சொன்னேனா? கங்கூலி வீட்டு அம்மா சொல்றாங்க. அவங்க வீட்டுக்காரர் கமிட்டியில இருக்காரு. நான் என்ன செய்ய?"

மேஜையில் ஒரு காகிதத் துண்டின்மேல் விரல் நீளத்துக்கு ஒரு தர்ப்பை கிடந்தது. ஒரு முனையில் மஞ்சள்.

பாகீரதி அதைப் பார்த்தாள். பிறகு சுவரில் இருந்த விதிகளைப் பார்த்தாள்.

விஷயம் இதுதான். செவ்வாய்க்கிழமை நிபாரண் இரண்டாம் பாகத்தைக் கங்கூலி வீட்டு மருமகளுக்குக் கொண்டுபோயிருக்கிறான். அவளுக்கு ஏழு மாதம். கிரகணம் கழிந்து இரண்டே நாள். புத்தகத்தைத் திறந்ததும் மடியில் தர்ப்பை விழுந்திருக்கிறது. அந்த வீட்டில் தர்ப்பை என்றால் சிராத்தம். கொண்டுவந்தவனோ மழித்த தலை. மாமியார் தெருவுக்குக் கேட்கும்படி கத்தியிருக்கிறாள். செய்வினையோ கவனக்குறைவோ, இந்த ஆள் இனிமேல் வாசப்படி மிதிக்கக் கூடாது. மருமகளுக்கும் இனிப் புத்தகம் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடும்.

"மூணு பசங்க, பாபு" என்றான் நிபாரண்.

ஜதீன் பாபு நோட்டைப் புரட்டினார். தலை நிமிர்ந்து பாகீரதியைப் பார்த்தார். "வா மா. மூணாம் பாகம் வந்துடுச்சு." ஏதோ கேட்க வாயெடுத்தவர் மாதிரி இருந்தது. கேட்கவில்லை.

அவள் புத்தகத்தை வாங்கிக்கொண்டாள். ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்கு வந்தாள்.

வந்ததும் படிக்கத் தொடங்கினாள். அதுதான் பின்னால் அவளுக்கு வெட்கமாக இருந்தது. எட்டுப் பக்கம் படித்தாள். மனைவி தலைப்பு முடிச்சை அவிழ்த்தாள், கடிதத்தைப் பிரித்தாள், அதில் என்ன எழுதியிருந்தது என்பதும் தெரிந்தது. ஒன்பதாம் பக்கத்தில் ஒரு வண்டிக்காரன் வந்தான். அவனுக்கு மழித்த தலை என்று எழுத்தில் எங்கேயும் இல்லை. பாகீரதிக்கு அப்படித்தான் தெரிந்தது. புத்தகத்தை மூடி ஜன்னலில் வைத்தாள்.

சொன்னால் சீட்டு போகும். இன்னும் ஒரு வருஷமோ ஒன்றரை வருஷமோ கழிந்தால் அவளைத் தெருவுக்கே அனுப்ப மாட்டார்கள். அதற்குள் படித்தால்தான் உண்டு. அந்த லைப்ரரியின் ஏழு அலமாரிகளில் அவள் முடித்திருந்தது ஒன்றரை.

மறுநாள் சாயங்காலமும் புத்தகம் ஜன்னலிலேயே இருந்தது. அம்மா அதைப் பார்த்தாள். பிறகு மகளின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

"ஜுரம் இல்லையே. கையலம்பற சத்தமே காணுமே நேத்திலேர்ந்து?"

பாகீரதி சொல்லிவிட்டாள். அழுதுகொண்டே சொன்னதால் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

அம்மாவுக்குக் கோபம் வந்தது. ஆனால் அது வந்த திசை வேறு.

"செய்வினையா? நம்மாத்துத் தர்ப்பையையா? சாஸ்திரிகள் மந்திரம் சொல்லிக் கொண்டுவந்து குடுத்தது! அவாளுக்கு என்னடீ தெரியும்?"

"அவா ஆத்துல அது சிராத்தத்துக்குத்தானாம், அம்மா."

அம்மா தலைப்பை இழுத்துச் செருகினாள்.

"அந்த ஆளுக்குக் குழந்தைகள் இருக்கா?"

"மூணு."

"எழுந்திரு. முகத்தை அலம்பிக்கோ."

"லைப்ரரிக்கா?"

"அங்க ஆம்பளைகள்னா இருப்பா. கத்தினவ யாரோ அவாத்துக்கு."

"அப்பாகிட்ட கேக்க வேண்டாமா?"

"கேட்டா வேண்டாம்பார். வந்தப்பறம் சொல்லிக்கலாம்."

ஜகதாம்பாள் ஆறு வருஷத்தில் ஒரு வங்காளி வீட்டுப் படியும் ஏறியதில்லை. அவளுக்குத் தெரிந்த வங்காளி ஐந்து வார்த்தை. தண்ணீர், பால், எவ்வளவு, வேண்டாம், மீன்காரனிடம் சொல்ல 'போ'. அவள் ஒன்பது கஜத்தைச் சரிசெய்துகொண்டு அடுக்களைக்குள் போனாள். திரும்பி வரும்போது கையில் ஊறுகாய் ஜாடி இருந்தது.

"இது எதுக்கு?"

"இதுல போட்டதை எடுக்க மறந்துட்டேன். நல்லதாப் போச்சு. பேசாம வா."

கங்கூலி வீட்டு வாசலில் காவலிருந்த தர்வான் ஜாடியையும் ஒன்பது கஜத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வழி விட்டான். மாடியில் உள்தாழ்வாரத்தில் மாமியார் உட்கார்ந்திருந்தாள். வீட்டில் எல்லோரும் அவளைக் கின்னிமா, அதாவது எஜமானியம்மா, என்றார்கள். கனத்த உடம்பு, வாய் நிறைய வெற்றிலை. பின்னால் ஒரு கதவு கால்வாசி திறந்திருந்தது. இடுக்கில் ஒரு புடவையின் சிவப்புக் கரை தெரிந்தது.

"சொல்லு. புல்லை வெச்சது நிபாரண் இல்லை. குடுத்தது நான், வெச்சது நீ" என்றாள் அம்மா.

பாகீரதி சொன்னாள். கிரகணத்திலிருந்து தொடங்கி வங்காளியில் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டாள்.

கின்னிமா வெற்றிலையை ஒரு கன்னத்துக்குத் தள்ளினாள். "மதராசிங்களா! அதான் பார்த்தேன். புளியைக் கரைச்சுக் குடிக்கிறவங்களுக்கு மந்திரமும் தெரியும்னு சொல்வாங்க."

"என்ன சொல்றா?"

"வாங்கோ, உக்காருங்கோங்கறா" என்றாள் பாகீரதி.

"மூஞ்சியைப் பார்த்தா அப்படித் தெரியலையே." அம்மா உட்கார்ந்தாள். ஜாடியை நடுவில் வைத்துத் துணியை அவிழ்த்தாள். எலுமிச்சைத் துண்டுகளுக்கு நடுவே, எண்ணெயில் ஊறி, விரல் நீளத் தர்ப்பை. ஒரு பக்கம் பழுத்த மஞ்சள்.

கின்னிமா குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தாள். மறுபடி குனிந்தாள்.

"இதை நீங்க சாப்பிடுவீங்களா?"

"சாப்பிடத்தான் போடறோம். சொல்லுடீ. சமைச்ச சாதத்தைக் கிரகணத்துக்கு முன்னாடி கொட்டிடலாம். நெய்யையும் ஊறுகாயையும் கொட்ட முடியுமா? வருஷத்துக்குச் சேர்த்துப் போட்டது. அதனால அதுல காவலுக்கு ஒண்ணு. கெடக் கூடாதுன்னு நினைக்கறதுலதான் வெப்போம். கெட்டது நடக்கணும்னு எங்கேயும் வெக்கறதில்லை."

பாகீரதி ஒவ்வொன்றாகச் சொன்னாள். கின்னிமா மெல்லுவதை நிறுத்திக் கேட்டாள். பிறகு மடக்கினாள்.

"நெய் சரி. ஊறுகாய் சரி. புத்தகத்துல எதுக்கு? அது என்ன கெட்டுப்போற பண்டமா?"

பாகீரதி இதைத் தமிழில் சொன்னபோது அம்மாவைப் பார்க்கவில்லை. ஜன்னல் விளிம்பு, மாவுப் பசை, பத்து வீடு என்று அம்மா தொடங்கப்போகிறாள் என்று நினைத்தாள்.

அம்மா யோசித்தாள்.

"இவளுக்கு அது ஊறுகாய் மாதிரி. அது இல்லாம சோறு இறங்காது. நேத்திலேர்ந்து படிக்கலை, நேத்திலேர்ந்து சாப்பிடவும் இல்லை. சொல்லு."

பாகீரதி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அம்மா கவனித்திருந்தாள் என்பதே அவளுக்குத் தெரியாது. "சொல்லேண்டீ" என்று அம்மா முழங்கையால் இடித்தாள். சொன்னாள்.

முதலில் சிரித்தது கதவு. வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. அப்புறம் கின்னிமாவின் உடம்பு குலுங்கியது. வெற்றிலைச் சாறு சிந்தாமல் இருக்க முகத்தை மேலே தூக்கிக்கொண்டாள்.

"உள்ளே இருக்கிறவளும் இந்த ஜாதிதான். மூணு நாளா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டிருக்கா. பால் குடுத்தா வேண்டாங்கறா." கதவைப் பார்த்துக் குரலை உயர்த்தினாள். "கேட்டியா பௌமா? ஊறுகாயாம்!"

மருமகள் என்பதைத்தான் அப்படிச் சொன்னாள். பிறகு தர்வானைக் கூப்பிட்டு, லைப்ரரிக்குப் போய் நாளைக்கு அந்த நிபாரணைப் பையோடு வரச் சொல் என்றாள். எஜமானருக்கு நான் சொல்லிக்கொள்கிறேன் என்றாள். அம்மாவிடம் ஒரு தட்டில் சந்தேஷ் என்கிற பால் இனிப்பை நீட்டினாள். அம்மா ஒன்றை எடுத்துத் தலைப்பில் முடிந்துகொண்டாள். சாப்பிடவில்லை, மறுக்கவும் இல்லை.

அவர்கள் எழுந்தபோது கதவிடுக்கிலிருந்து குரல் வந்தது. பாகீரதி நினைத்ததைவிடச் சின்னக் குரல். பதினேழு, பதினெட்டு வயது இருக்கும்.

"குக்கி, மூணாம் பாகம் யார்கிட்டே இருக்கு?"

"என்கிட்டதான், தீதி." அக்கா என்பதற்கு அங்கே தீதி.

"கடிதத்துல என்ன இருந்தது..." உடனே, "வேண்டாம், வேண்டாம். சொல்லாதே" என்றது.

பாகீரதி படியிறங்கினாள். பாதித் தெருவில் நின்றாள். எட்டுப் பக்கம்தான் ஆகியிருந்தது. மீதி இருநூறு.

"அம்மா, புஸ்தகத்தை அவா முதல்ல படிக்கட்டும்."

"உன் இஷ்டம்" என்றாள் அம்மா. வேகமாக நடந்தாள். விளக்கு வைக்கும் நேரம் ஆகிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை பாகீரதி மூன்றாம் பாகத்தை எடுத்துக்கொண்டு லைப்ரரிக்குப் போனாள். இதைக் கங்கூலி வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்றாள். தான் எட்டுப் பக்கத்தோடு நிறுத்திவிட்டதையும் அந்த தீதிக்குச் சொல்லச் சொன்னாள். தர்ப்பை தன்னுடையது என்று இங்கேயும் ஒரு தடவை சொன்னாள்.

"முனையில மஞ்சள் இருந்ததே. எண்ணெய்க் கறைப் புத்தகத்துலயும் அதே மஞ்சள்தான்" என்றார் ஜதீன் பாபு. "நீயே சொல்லட்டும்னு இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்."

"சொல்லியிருக்காட்டா?"

"நான் சொல்லியிருப்பேன்."

கமிட்டி நிபாரணை ஒன்றும் செய்யவில்லை. ஆனால் விதி விதிதான். அனந்தகிருஷ்ணனின் சீட்டு ஒரு மாதத்துக்கு நிறுத்தப்பட்டது. செய்தி கிடர்பூர் ஆபீஸ் விலாசத்துக்கே கடிதமாக வந்தது. அப்பா அதைச் சாப்பிடும்போது சொன்னார். "நான் என்ன புஸ்தகம் படிச்சு, என்ன புல்லை வெச்சேன்? ஆபீஸ்ல எல்லாரும் கேக்கறா." அம்மா அவருக்கு ரசம் ஊற்றினாள். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.

அந்த மாதம் நீளமாக இருந்தது. பாகீரதி பஞ்சாங்கத்தை மூன்றாவது தடவை படித்தாள்.

பத்து நாள் போனபின் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் நிபாரண் வாசலில் வந்து நின்றான். தலையில் முடி வளர்ந்திருந்தது. பையிலிருந்து மூன்றாம் பாகத்தை எடுத்தான்.

"பௌமா முடிச்சுட்டாங்க. ஆனா செவ்வாய்க்கிழமை வரைக்கும் அவங்க சீட்டுலதான் இருக்கும். அதுவரைக்கும் மதராசிக் குக்கி படிக்கட்டும்னு சொன்னாங்க. பாபுவுக்குத் தெரியும். பாபு கண்ணாடியை நெத்திக்கு ஏத்திக்கிட்டு வேற பக்கம் பார்த்தாரு." குரலைத் தாழ்த்தினான். "உள்ளே புல்லு இருக்கு. நான் பார்த்துட்டேன், எண்ணிட்டேன். மூணு. அவங்களே வெச்சது. திருப்பும்போது எடுத்துடணும், தாயி. இனிமே ஒரு புல்லுக்கும் என்னால சத்தியம் பண்ண முடியாது."

ஒன்பதாம் பக்கத்தில் மூன்று பச்சைப் புல். முந்தின நாள் பௌமாவுக்குச் சீமந்தம் போல ஒரு சடங்கு. பெரியவர்கள் நெல்லும் புல்லும் தலையில் போட்டு வாழ்த்தியிருக்கிறார்கள். அதிலிருந்து எடுத்தது என்றான் நிபாரண்.

அம்மா எட்டிப் பார்த்தாள். "அருகம்புல்லுன்னா இது!" என்றாள். இரண்டை எடுத்துக்கொண்டுபோய்ப் பிள்ளையாருக்குச் சாத்தினாள். மூன்றாவதைப் பாகீரதியிடமே விட்டாள். கையை அலம்பச் சொல்லவில்லை. மறந்துவிட்டாளோ என்னவோ.

பாகீரதி நாலு நாளில் இருநூறு பக்கத்தையும் படித்தாள். பதினைந்து பக்கத்தை இரண்டு தடவை படித்தாள். வண்டிக்காரன் இப்போது வெறும் வண்டிக்காரனாக இருந்தான்.

மாதம் முடிந்து சீட்டு திரும்பி வந்தது. அடுத்த வருஷம் அவளைத் தெருவுக்கு அனுப்புவதை நிறுத்தினார்கள். புத்தகம் நிற்கவில்லை. செவ்வாயும் வெள்ளியும் நிபாரணின் பை முதலில் கங்கூலி வீட்டிலும் அடுத்து இங்கேயும் இறங்கியது. கல்யாணமாகிப் போகும்வரை ஐந்து வருஷம். ஏழு அலமாரியில் ஆறை முடித்தாள். பின்னாளில் எந்த ஊரில் எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும், ஒன்பதாம் பக்கம் வரும்போது அவள் ஒரு கணம் நிற்பாள். அவளுக்குச் சொல்லத் தெரிந்த நன்றி அதுதான்.

மூன்றாம் பாகத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய அந்தச் செவ்வாய்க்கிழமை நிபாரண் வந்தபோது, புத்தகத்தை இரண்டு அட்டையையும் பிடித்துத் தலைகீழாக்கி உதறினான். ஒன்றும் விழவில்லை. திருப்தியோடு பையில் போட்டான்.

"இரு" என்று அம்மா தமிழிலேயே சொல்லி, உள்ளேயிருந்து ஒரு சின்ன ஜாடி கொண்டுவந்தாள். வாயில் துணி கட்டியிருந்தது. கங்கூலி வீட்டுத் திசையில் கையைக் காட்டினாள்.

நிபாரண் ஜாடியை வாங்கவில்லை. அதையும் அவளையும் பார்த்தான். "உள்ளே ஒண்ணும் இல்லையே, மா?"

பாகீரதி வாயைத் திறப்பதற்குள் ஜகதாம்பாள் துணியை அவிழ்த்துக் காட்டினாள். ஆறு வருஷத்தில் கற்ற ஆறாவது வார்த்தையைச் சொன்னாள்.

"நேய்" என்றாள். இல்லை என்று.